துடைத்த கோடு

தல்லாகுளம்,
12.06.2025

அன்புள்ள தங்கச்சி முனீஸ்வரிக்கு,

அண்ணன் அழகுராஜா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் இருக்கிறது, அதற்கு மெடிக்கலில் மாத்திரை கிடையாது. நீயும் சித்தியும் சுகமாக இருக்கிறீர்களா? பக்கத்து வீட்டில் என் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்.

சமயநல்லூருக்கு ஒரே பஸ். அப்படியிருக்க இவன் ஏன் தபால் எழுதுகிறான், மூளை கலங்கிவிட்டதா என்று நினைக்காதே. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது போதாமல், நான் யாரோடெல்லாம் பேசினேன் என்று நம் ஆய்வகத்தில் என் போன் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். திருட்டுத் தூளை யாரிடம் விற்றேன் என்று கண்டுபிடிக்கவேண்டுமாம். அதில் உன் நம்பர் இருந்தால், எடை போட்டவனும் அளந்தவளும் கூட்டு என்று சொல்லிவிடுவார்கள். உன் வேலை நிரந்தரமாகப் போகிற நேரம் இது. ஆகவே போன் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம், நேரில் வரவும் வேண்டாம். கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் பாதுஷா பாயின் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்திருக்கிறேன். அந்த விலாசத்துக்கு எழுது.

விசாரணைக்கு நான் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். உன்மேல் ஒத்திகை பார்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். பிப்ரவரியில் நான் வளர்த்த லேசர் படிகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு தூலியம் என்ற விலை உயர்ந்த உலோகம் இருக்கவேண்டும். மற்றத் தூள்களோடு தூலியம் ஃப்ளோரைடைச் சேர்த்து எடை போட்டவன் நான். உலையில் உருக்கி, விதைப் படிகத்தை அதில் தொட்டு, ஒன்பது நாள் கூடவே இருந்து மெல்ல மெல்ல மேலே இழுத்தவனும் நான். தூலியம் வஞ்சகம் இல்லாத சாமான். உருக்கில் எம்புட்டுப் போடுகிறோமோ, அம்புட்டும் படிகத்தில் ஏறிவிடும். ஆனால் வில்லையாக அறுத்து, ஒளியை விட்டு அளந்தால் வந்தது இரண்டு புள்ளி ஒன்று. மீதிப் பாதி எங்கே? அழகுராஜா விற்றுவிட்டான். சோலி முடிந்தது.

அளந்தவள் நீ என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, அதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. கண்டதை எழுதுவதுதான் உன் வேலை. அறுத்த வில்லைகள் மொத்தம் ஐந்து. அளக்காத நான்கும் பத்திரமாக இருக்கின்றனவா?

அன்புடன்,
அண்ணன் அழகுராஜா

*

சமயநல்லூர்,
19.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முனீஸ்வரியின் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கடைச் சோறு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெரியம்மா சாப்பிடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். முந்தாநாள் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "மகன் பவுடரு வித்தானாமே, ஒரு கிரைண்டராச்சும் வாங்கிக் குடுத்தானா?" என்று கேட்டாளாம். பெரியம்மா பையை மடித்துக்கொண்டு, அரிசி வாங்காமல் வந்துவிட்டார்கள். நான் போய் வாங்கி வந்தேன்.

அண்ணே, நான் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இரண்டு புள்ளி ஒன்றுதான் வந்தது. அதற்கு மேல் நான் என்ன செய்யட்டும்? வில்லைகள் பீரோவில் இருக்கின்றன. ஆயுதபூஜை முடிந்ததும் நிரந்தர ஆணை கிடைக்கும் என்று நம் ஆய்வகத் தலைவர் அசோக்குமார் சார் சொன்னார். என்னை இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டவர் நீங்கள். இந்த நேரத்தில் அதை உங்களிடம் சொல்லவே வாய் கூசுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
முனீஸ்வரி

*

தல்லாகுளம்,
04.07.2025

அன்புள்ள தங்கச்சி முனீஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம்தான். தினமும் பத்துப் பேருக்காவது பிரமாணப் பத்திரம் அடிக்கிறேன். "நான் மேலே சொன்னவை அனைத்தும் உண்மை" என்று முடியாத பத்திரமே கிடையாது. இம்புட்டு உண்மை மதுரையில் இருப்பது இதுவரை எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

குற்றச்சாட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. உன் அறிக்கை, அளவு அட்டவணை, கிராப் எல்லாம் இணைப்பாக வைத்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வில்லையின் விளிம்பிலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருப்பேன், படிகம் எந்த வாக்கில் நிற்கிறது என்று தெரிவதற்காக. இதுவும் விறகு மாதிரிதான். நார் ஓடுகிற வாக்கில் ஒரு குணம், குறுக்கே ஒரு குணம். கோடு மேலே பார்க்க வைத்தால் ஒளியை நிறையக் குடிக்கும், படுக்க வைத்தால் குறைவாகக் குடிக்கும். நம் கணக்கெல்லாம் நிற்கிற படிகத்துக்குப் போட்ட கணக்கு. உனக்குத் தெரியாததா? சும்மா கேட்டு வைக்கிறேன். கோடு தெளிவாக இருந்ததா?

ரேஷன் கடைக்கு இனி அம்மாவை அனுப்பாதே.

அன்புடன்,
அண்ணன்

*

(தபாலில் சேர்க்காத கடிதம்)

சமயநல்லூர்,
11.07.2025

அண்ணே,

கோடு தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

அளப்பதற்கு முன்னால் வில்லையில் கைரேகைகூட இருக்கக்கூடாது என்பது விதி. ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவால் நாலு பக்கமும் அழுந்தத் துடைத்தேன். சுத்தக்காரி என்று எனக்குப் பெயர் அல்லவா? கீழே வைத்துப் பார்த்தால் கோடு இல்லை. வில்லையோ சதுரம். ஒரு பக்கம் மயிரிழை நீளமாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அதை மேலே வைத்தேன். ஊகம்தான். ஊகித்தேன் என்று அறிக்கையில் எங்கேயும் எழுதவில்லை. மூன்று தடவை அளந்தேன் என்று உங்களுக்கு எழுதினேனே, ஹோல்டரில் இருந்து வில்லையை எடுக்காமலேதான் மூன்று தடவையும் அளந்தேன். ஒரு தப்பை மூன்று தடவை செய்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நேற்று இரண்டாவது வில்லையை எடுத்தேன். துடைக்கவில்லை. உங்கள் கோட்டை மேலே வைத்து அளந்தேன். மூன்று புள்ளி ஒன்பது. படுக்க வைத்து அளந்தேன். இரண்டு புள்ளி ஒன்று.

நீங்கள் ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை. அறிக்கை போன அன்றைக்கே மறுபடி அளந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது சொன்னால் தூள் போனதற்குப் பதிலாக என் வேலை போகும். இதைப் பெரியம்மா பக்கத்து அறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எழுதுகிறேன். எனக்குப் பிடிக்கும் என்று அவர்களே பறித்து வந்தது.

நாளைக்குக் காலையில் இதைத் தபாலில் போடுகிறேன்.

முனீஸ்வரி

*

சமயநல்லூர்,
30.07.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் எப்படி? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். அளக்கிற மெஷினில் விளக்கு போய்விட்டது, வெளியூரில் இருந்து வரவேண்டும். அதனால் வேலைகள் கொஞ்சம் குழப்பம்.

இங்கே ஆடிக் காற்று தாங்க முடியவில்லை. துவைத்துப் போட்ட துணியெல்லாம் பரவை ஊர்ப் பக்கம் பறந்துவிடும் போலிருக்கிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, தைலம் வாங்கிக் கொடுத்தேன். அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். உங்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன். ரேஷனுக்கு நானே போகிறேன்.

கோடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை அண்ணே.

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் தங்கை,
முனீஸ்வரி

*

தல்லாகுளம்,
14.09.2025

அன்புள்ள தங்கச்சி முனீஸ்வரிக்கு,

நலம். வேலை நெட்டி முறித்துவிட்டது, அதனால் ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. இல்லை, அது பொய். எழுத மனசு வரவில்லை.

ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு ஐந்து வயதில் நான் திருடித் தின்ற பணியாரம் எத்தனை என்று இன்றைக்கும் சபையில் சொல்லி மானத்தை வாங்குகிறவள் நீ. சரி, போகட்டும். வயது ஏறினால் ஞாபகம் இறங்கும்.

விசாரணை அக்டோபர் பதின்மூன்றாம் தேதி. அவர்கள் தரப்புச் சாட்சி நீதான். எனக்கு எதிரே நாற்காலி போட்டு, எண்ணைச் சொல்லச் சொல்வார்கள், எப்படி அளந்தாய் என்று கேட்பார்கள். நானும் இரண்டு கேள்வி கேட்கலாமாம். பயப்படாதே. இடையில் ஏதாவது ஞாபகம் வந்தால் எழுது. ஞாபகம் வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

போன வாரம் கடைக்கு நம்ம ஊர் முத்திருளன் வந்தான். என்னைப் பார்த்ததும் பேப்பர்க் கட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். எதை எடுத்துவிடுவேன் என்று நினைத்தானோ, தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

சமயநல்லூர்,
02.10.2025

அண்ணே,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

நேற்று ஆய்வகத்தில் ஆயுதபூஜை. எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். உங்கள் உலைக்கும் மாலை போட்டார்கள். அளக்கிற மெஷினுக்கு வரும்போது அசோக்குமார் சார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "முனீஸ்வரி, இதுக்கு நீதாம்மா பொட்டு வைக்கணும். இது இல்லேன்னா நம்ம திருட்டுப் போனதே தெரிஞ்சிருக்காது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் வைத்தேன். வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நீங்கள் போட்ட கோட்டை நான் துடைத்துவிட்டேன். ஊகத்தில் வைத்து அளந்தேன். வில்லை படுத்திருந்திருக்கிறது. ஜூலை பத்தாம் தேதி வேறு வில்லையை உங்கள் கோட்டின்படி வைத்து அளந்தபோது மூன்று புள்ளி ஒன்பது வந்தது. மறுநாளே உங்களுக்கு எழுதினேன், ஆனால் போடவில்லை. அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். மெஷினில் விளக்கு போகவில்லை. ஞாபகம் இல்லை என்றதும் பொய்.

நீங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. பதின்மூன்றாம் தேதி எல்லார் முன்னாலும் இதைச் சொல்வேன். என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுதுங்கள் அண்ணே.

முனீஸ்வரி

*

தல்லாகுளம்,
06.10.2025

அன்புள்ள தங்கச்சி முனீஸ்வரிக்கு,

நலம். பூஜை நல்லபடியாக நடந்திருக்கும்.

இன்று காலையில் ஆய்வகத்துக்கு வந்தேன். உன் அறைப் பக்கம் வரவில்லை. தூலியம் தூளில் பாதியை நான்தான் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடவே ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். போலீசுக்குப் போக மாட்டார்கள், விசாரணையும் கிடையாது. நீ சாட்சி சொல்ல வரவேண்டிய அவசியம் இனி இல்லை.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எதுவும் சொல்லவேண்டாம்.

அழகுராஜா

*

சமயநல்லூர்,
17.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எட்டாம் தேதி உங்கள் கடிதம் வந்தது. என்னுடையது அதற்கு அடுத்த நாள் உங்கள் கைக்கு வந்திருக்கும். ஆயுதபூஜை, விஜயதசமி, பிறகு சனி, ஞாயிறு என்று வரிசையாக விடுமுறை. தபால் நகராமல் கிடந்துவிட்டது. நான்கைந்து நாள் முன்னால் வந்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை என் முன்னால் வைத்தார். "அண்ணன் எடுத்தேங்கிறாரு, தங்கச்சி எடுக்கலேங்கிற. எதைம்மா நான் நம்புறது? பாசத்துக்காகப் படிகத்தையே மாத்துவியா?" என்றார். தப்பாக அளந்ததை ஒரே நாளில் நம்பியவர், சரியாக அளந்ததை நம்பவில்லை. உங்கள் கையெழுத்து குறுக்கே நிற்கிறது.

நான் விடவில்லை. ஒளியை நம்பவேண்டாம், வில்லையை அமிலத்தில் கரைத்து வெளியே ஓரிடத்தில் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கரைத்துப் பார்ப்பதற்கு நிற்பதும் இல்லை, படுப்பதும் இல்லை. ஒரு வாரம் வாசலிலேயே நின்றேன். நேற்றுத்தான் ஒரு வில்லையை அனுப்பச் சம்மதித்தார்.

எடுக்காததை எடுத்தேன் என்று ஏன் அண்ணே எழுதிக் கொடுத்தீர்கள்?

முனீஸ்வரி

*

தல்லாகுளம்,
20.11.2025

முனீஸ்வரிக்கு,

நலம். கரைத்துப் பார்த்த முடிவை நீ அனுப்பியது வந்தது. மூன்று புள்ளி ஒன்பது இரண்டு. ஆய்வகத்தில் இருந்தும் கடிதம் வந்திருக்கிறது. திருட்டு என்ற சொல்லைப் பதிவில் இருந்து எடுத்துவிட்டார்களாம். ஆனால் நானே மனமுவந்து கொடுத்த ராஜினாமா ராஜினாமாதானாம். உலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

ஏன் எழுதிக் கொடுத்தேன் என்று கேட்டாய். ஜூலையில் நோட்டீஸோடு உன் கிராப் வந்ததே, அதை இந்தக் கடை வெளிச்சத்தில் பார்த்தேன். நிற்கிற படிகத்தின் கிராப்பில் வரும் இரண்டு மேடுகளில் இடது மேடு உயர்ந்து நிற்கும். உன் கிராப்பில் இரண்டு மேடும் சமமாக இருந்தன. ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, நீ படுக்க வைத்து அளந்திருக்கிறாய் என்று. சார் எண்ணைத்தான் பார்ப்பார். மேடு, பள்ளத்தைப் பார்க்க வளர்த்தவனுக்குத்தான் தோன்றும்.

நான் சொன்னால் அது மாட்டிக்கொண்டவன் சொல்லும் சாக்கு. நீ சொன்னால்தான் அளவு. அதனால் நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நானும் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் உனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, நீ உள்ளே வராததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை போவதைவிட, நீ சொல்கிறாயா என்று பார்ப்பதே எனக்குப் பெரிதாகிவிட்டது. அது ஒரு கெட்ட புத்தி, அதற்கு நான் வெட்கப்படுகிறேன். கடைசியில், என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து நீ அந்த எண்ணைச் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ வீட்டுலதானடா நாலு மாசமா ராத்திரிச் சோறு தின்னேன்" என்றாள். இனி உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டாள். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். உன் கடிதத்தில் தேதி இரண்டு. உறையில் சமயநல்லூர் முத்திரை ஏழு. மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை தபால் நிலையம் திறந்திருந்தது, சனிக்கிழமையும் திறந்திருந்தது. இங்கே கடைக்கு இரண்டு நாளும் தபால் வந்தது. அன்றைக்கே நீ போட்டிருந்தால் ஆறாம் தேதி நான் கிளம்புவதற்கு முன்னால் என் கையில் இருந்திருக்கும். விடுமுறை என்று எழுதாதே. உண்மையை எழுது.

அழகுராஜா

*

சமயநல்லூர்,
26.11.2025

அண்ணே,

நீங்கள் அங்கே சுகமாக இருக்கவேண்டும். பெரியம்மா வீட்டு விளக்கு தினமும் எரிகிறது. அவர்கள் சமைக்கிற வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. வாசலில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார்கள். போன வாரம் நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

இரண்டாம் தேதி கடிதத்தை எழுதி, ஒட்டி, விலாசமும் எழுதிக் கைப்பையில் வைத்தேன். தபால் நகராமல் இருக்கவில்லை. நான்தான் நகர்த்தவில்லை. வெள்ளியும் சனியும் தபால் நிலைய வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். இரண்டு நாளும் பையைத் திறந்து, உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன். பூஜையன்று சார் சொல்லியிருந்தார், என் நிரந்தர ஆணையில் கையெழுத்து ஆகிவிட்டது, திங்கட்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கொள் என்று. கையில் ஆணை வந்துவிட்டால், பிறகு உண்மையைச் சொன்னாலும் சட்டென்று என்னைத் தூக்க முடியாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் போய் வாங்கினேன். சாரின் மேஜையில் ஒரு தாள் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தது. காலையில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தாள் அது என்று எனக்குத் தெரியாது. ஆணையைப் பைக்குள், உங்களுக்கு எழுதிய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

முனீஸ்வரி